அடிக்கிற கை யாருடையது? போலந்து க்ரைம் நாவல்கள் பற்றி

2023 அக்டோபர் 7, ஒரு வாசகரின் கேள்வி

"போலந்து க்ரைம் நாவல்கள் நாலைந்து, ஆங்கில மொழிபெயர்ப்பில் படித்துவிட்டேன். துப்பறிகிற ஆளே அடிக்கிறான், மிரட்டுகிறான், குடிக்கிறான். கொலைகாரனுக்கும் அவனுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. ரத்தத்தைக் காட்டி விற்கிற சரக்குதானே இது? இதற்கு மேல் ஏதாவது இருக்கிறதா?"

அக்டோபர் 7, இரவு

இருக்கிறது. விற்பதற்காக ரத்தம் சேர்க்கிற புத்தகங்கள் அங்கேயும் உண்டு, அதை மறுக்கவில்லை. ஆனால் துப்பறிகிறவனின் கை அழுக்காக இருப்பதற்கு அந்த நாட்டுக்கே உரிய ஒரு காரணம் உண்டு என்று நினைக்கிறேன்.

வேலைக்காக நான் மூன்று வருடம் வ்ரோட்ஸ்வாஃப் நகரத்தில் இருந்தேன். போத்வாலே தெருவில், பழைய அகழியை ஒட்டி, ஒரு பெரிய கட்டடம் நிற்கும். 1920-களின் கடைசியில் ஜெர்மன் போலீஸ் தலைமையகமாகக் கட்டியது. அப்போது ஊருக்குப் பெயர் பிரெஸ்லாவ். பிறகு நாஜிகளின் ரகசியப் போலீசான கெஸ்டபோ அங்கே இருந்தது. 1945-இல் ஊர் போலந்துக்கு வந்ததும் கம்யூனிஸ்ட் அரசின் ரகசியப் போலீஸ் வந்தது. இன்று மாகாணப் போலீஸ் தலைமையகம். ஆட்சி மாறியது, கொடி மாறியது, ஊரின் பெயரும் ஊரில் பேசுகிற மொழியும்கூட மாறிவிட்டன. படிக்கட்டு மட்டும் அதே படிக்கட்டு.

அப்படிப்பட்ட ஊரில் ஒரு நாவலின் மூன்றாவது பக்கத்தில் போலீஸ்காரர் கதவைத் தட்டினால், காப்பாற்ற ஆள் வந்துவிட்டது என்று வாசகர் மூச்சு விடுவதில்லை. கொன்றது யார் என்பதற்கு முன்னால், விசாரிக்க வந்த இந்த ஆள் யாருடைய ஆள் என்று அவருக்குத் தெரிய வேண்டும். நல்ல போலந்து க்ரைம் நாவல்கள் எல்லாம் இந்தக் கேள்வியில்தான் தொடங்குகின்றன.

அக்டோபர் 8

நேற்று எழுதியதற்குப் பின்கதை வேண்டும்.

1944 முதல் 1990 வரை அங்கே போலீசுக்குப் போலீஸ் என்று பெயர் கிடையாது. 'குடிமக்கள் மிலீட்சியா' என்று பெயர். அதைக் கதாநாயகனாக வைத்து எழுதியவற்றுக்கு 'மிலீட்சியா நாவல்' என்றே பெயர் வந்தது. யெஷி எதிகெய், அன்னா க்வோஜின்ஸ்கா, சிக்முந்த் ஸெய்ட்லர்-ஸ்போரோவ்ஸ்கி என்று நிறையப் பேர் எழுதினார்கள். 1968-இல் 'ஏவா 07-ஐ அழைக்கிறாள்' என்ற சிறு புத்தக வரிசை தொடங்கியது. ஒரு ரயில் பயணத்தில் ஒன்றை முடித்துவிடலாம். காப்டன் ஜ்பிக் என்ற மிலீட்சியா அதிகாரியை வைத்து 1967 முதல் படக்கதைகளும் வந்தன.

ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பழைய சட்டி பானைகளுக்கு நடுவில் இந்தப் புத்தகங்கள் கிடக்கும். ஐந்தாறு வாங்கினேன். என் போலிஷ் அப்போது தள்ளாடிக்கொண்டிருந்தது, இவற்றின் எளிய வாக்கியங்கள்தான் எனக்குப் படிக்கக் கற்றுக்கொடுத்தன. அதற்காக அவற்றின்மேல் இன்றும் பிரியம் உண்டு. கதை கிட்டத்தட்ட ஒன்றுதான். அதிகாரி ராத்திரி வெகுநேரம் விழித்திருந்து வேலை செய்கிறார், சாட்சிகளிடம் மரியாதையாகப் பேசுகிறார், தனி ஆளாக எதையும் சாதிப்பதில்லை, கூட்டு உழைப்பு. குற்றவாளி பெரும்பாலும் கள்ளச் சந்தைக்காரன், டாலர் மாற்றுகிறவன், பழைய சொத்துக்கு ஆசைப்படுகிறவன். கொலை ஒரு பத்தியில் நடக்கிறது, அடுத்த வரியில் ரத்தம் காய்ந்துவிடுகிறது. ஆதாரத்தை மேசையில் வைத்ததும் குற்றவாளி தலைகுனிந்து ஒப்புக்கொள்கிறான். யாரும் யாரையும் அடிப்பதில்லை.

அந்த 'அடிப்பதில்லை' என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. கவிஞர் ஸ்டானிஸ்வாஃப் பராஞ்சாக் இந்த நாவல்களைக் கூர்ந்து படித்துக் கட்டுரைகள் எழுதினார். 1976-இல் அரசை எதிர்த்துத் தொழிலாளர் பாதுகாப்புக் குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவர், அதனால் பல்கலைக்கழக வேலையை இழந்தவர். நாட்டுக்குள் அச்சிட முடியாமல், அந்தக் கட்டுரைகள் சேர்ந்த புத்தகம் 1983-இல் பாரிசில் வெளிவந்தது. பொழுதுபோக்கு என்ற போர்வையில் வாசகரை ஒரு குழந்தையைப் போல நடத்தி, அரசு சொல்வதை நம்பவைக்கிற எழுத்து இது என்பது அவருடைய வாதம். மோசமான நாவல் என்று ஒதுக்காமல், ஒரு மோசமான நாவல் எப்படி வேலை செய்கிறது என்று பொறுமையாகப் பிரித்துக் காட்டினார். அந்தப் பொறுமைமேல் எனக்குப் பெரிய மரியாதை.

அக்டோபர் 9

ஒரு சின்னத் திருத்தம். பழைய பிரெஸ்லாவை வைத்து க்ரைம் நாவல்கள் எழுதிய மாரெக் கிராயெவ்ஸ்கியின் நாயகன், போலீஸ் அதிகாரி எபர்ஹார்ட் மோக், வேலை பார்ப்பது நான் சொன்ன போத்வாலே கட்டடத்தில்தான் என்று வாசகர் ஒருவர் எடுத்துக்கொண்டிருக்கிறார். 1927-இல் நடக்கும் கதையில் அந்தக் கட்டடம் இன்னும் முடிந்திருக்கவில்லை. கதையில் வரும் தலைமையகம் ஷூப்ரூக்கே தெருவில் இருக்கிறது. இன்று அது ஷெவ்ஸ்கா தெரு, கதவு எண் 49, பல்கலைக்கழகத்தின் வரலாற்றுத் துறை.

அக்டோபர் 11

மிலீட்சியாக்காரர் யாரையும் அடிப்பதில்லை என்று எழுதினேன் அல்லவா? '07, பதில் சொல்' தொலைக்காட்சித் தொடரைப் பார்த்த ஒருவர், "போரேவிச் கைநீட்டுவாரே" என்று பிடித்துவிட்டார். சரிதான். 1976 முதல் 1987 வரை 21 பகுதிகள் வந்த தொடர். லெப்டினன்ட் ஸ்வாவொமிர் போரேவிச்சாக நடித்தவர் ப்ரொனிஸ்வாஃப் செஸ்லாக். அழகன், அலட்சியமானவன், பெண்களிடம் வழிகிறவன், தேவைப்பட்டால் முஷ்டியைத் தூக்குகிறவன். நாவல்களில் வந்த இஸ்திரி போட்ட அதிகாரிகளைவிட எவ்வளவோ உயிருள்ள ஆள். இன்றும் அங்கே அந்தப் பெயரைச் சொன்னால் அம்பது வயதுக்காரர்கள் முகம் மலரும்.

அதனால் என் வாக்கியத்தை மாற்றுகிறேன். அந்தக் காலத்துக் கதைகளில் மிலீட்சியாக்காரர் அடித்தால், திருப்பி அடிக்கத் தெரிந்த ரவுடியைத்தான் அடிப்பார், அதுவும் வெளியில். ஸ்டேஷனுக்குள், கதவை மூடிக்கொண்டு, நிராயுதபாணியை அடிக்கிற காட்சி மட்டும் வராது.

ஏன் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், தொடர் ஓடிக்கொண்டிருந்த அதே வருடங்களுக்கு நடுவில் 1983 மே 12 வருகிறது. வார்சாவின் கோட்டைச் சதுக்கத்தில் பள்ளி இறுதித் தேர்வைக் கொண்டாடிக்கொண்டிருந்த மாணவன் க்ஷெகோஷ் ப்ஷெமிக்கை மிலீட்சியா பிடித்துக்கொண்டு போய், யெசூயித்ஸ்கா தெரு ஸ்டேஷனில் வைத்து அடித்தது. வயிற்றில்தான் அடி. இரண்டு நாளில் இறந்துவிட்டான். இன்னும் சில நாளில் அவனுக்கு 19 வயது ஆகியிருக்கும். அம்மா பார்பரா சதோவ்ஸ்கா ஒரு கவிஞர், எதிர்ப்பியக்கத்தில் இருந்தவர். பிறகு அரசு செய்தது இன்னொரு கொடுமை. அவனை ஏற்றிச் சென்ற ஆம்புலன்ஸ் ஊழியர்கள்மேல் பழியைத் திருப்பியது. 1984 வழக்கில் மிலீட்சியாக்காரர்கள் விடுதலை ஆனார்கள், ஆம்புலன்ஸ் ஊழியர்கள் சிறைக்குப் போனார்கள்.

இந்த வழக்கைப் பற்றி செசாரி வசாரேவிச் எழுதிய ஆவண நூலுக்கு 2017-இல் போலந்தின் பெரிய இலக்கிய விருதான நீகே கிடைத்தது. தலைப்பின் பொருள் 'தடயம் இல்லாதபடி'. ஸ்டேஷனில் அடித்தவர்களுக்குச் சொல்லப்பட்டதாகச் சாட்சி கூறிய சொற்களிலிருந்து எடுத்தது. தடயத்தைத் தேடுவதுதானே துப்பறிகிறவரின் தொழில்? அங்கே தடயத்தை அழிக்கத் தெரிந்தவர்களும் அதே சீருடையில் இருந்தார்கள். இதற்குப் பிறகு ஒரு போலந்து எழுத்தாளர் எப்படிச் சுத்தமான துப்பறிவாளரை எழுதுவார்?

அக்டோபர் 12

ஒரு கிளைச் செய்தி, போகிற போக்கில். 1959-இல் போலந்தில் இரண்டு புத்தகங்கள் வந்தன. ஒன்று ஸ்டானிஸ்வாஃப் லெம் எழுதிய 'விசாரணை'. பிணவறையிலிருந்து பிணங்கள் எழுந்து நகர்கிற கதை, கடைசிவரை முடிச்சு அவிழாது. இன்னொன்று ஜோ அலெக்ஸ் என்ற பெயரில் மாச்சியே ஸ்வொம்சின்ஸ்கி எழுதிய முதல் துப்பறியும் நாவல். இரண்டுமே நடப்பது இங்கிலாந்தில். லெம் எதற்காக லண்டன் ஸ்காட்லாந்து யார்டுக்குப் போனார்? என் ஊகம் இது: போலீஸ் அலுவலகத்தைப் பயமில்லாமல், வெறும் அலுவலகமாக எழுத வேண்டுமென்றால், அன்றைக்கு ஒரு போலந்து எழுத்தாளர் கடல் தாண்டித்தான் ஆக வேண்டியிருந்தது.

அதற்கு நாலு வருடம் முன்பே லெயோபோல்ட் திர்மாந்த் 'கெட்டவன்' நாவலில் வேறு வழி பிடித்தார். போர் இடிபாடுகள் அகலாத வார்சாவில் ரவுடிகளை அடித்துப் போடுகிற, வெளிறிய கண்களைக் கொண்ட முகம் தெரியாத ஒருவன். சட்டத்தின் வேலையைச் சட்டத்துக்கு வெளியே இருப்பவன் செய்கிறான், மிலீட்சியா பின்னால் ஓடி வருகிறது. அந்த நாவலின் வார்சாவை, அதன் டிராம் நெரிசலையும் புழுதியையும், ஒரு முறை படித்தால் மறக்க முடியாது.

அக்டோபர் 15

சரி, மோக். கேள்வி கேட்ட நண்பர் படித்த நாலைந்தில் குறைந்தது இரண்டு இவனுடைய கதையாகத்தான் இருக்கும்.

கிராயெவ்ஸ்கி 1966-இல் வ்ரோட்ஸ்வாஃபில் பிறந்தவர், லத்தீன் அறிஞர், பல்கலைக்கழகத்தில் சொல்லிக்கொடுத்தவர். 1999-இல் 'பிரெஸ்லாவில் மரணம்' எழுதினார். 1933, ஹிட்லர் பதவிக்கு வந்த வருடம். ரயில் பெட்டியில் ஒரு பிரபுவின் மகள் கொல்லப்பட்டுக் கிடக்கிறாள், உடலின்மேல் தேள்கள். விசாரிக்கிற மோக் ஒரு ஜெர்மானியன். லத்தீன் மேற்கோள் சொல்வான், நன்றாகச் சாப்பிடுவான், விபசார விடுதியில் பெண்களோடு செஸ் ஆடுவான். யாருக்கு என்ன ரகசியம் என்று தெரிந்து வைத்துக்கொண்டு இறுக்குவான். பட்டறையில் இரும்பைப் பிடிக்கிற வைஸ் இருக்கிறதே, அதைத்தான் அந்த உத்திக்குப் பெயராக வைத்திருக்கிறான். இரண்டு திருகு திருகினால் எதிராளி பேசிவிடுவான்.

முதல் முறை படித்தபோது என்னைக் கட்டிப்போட்டது ஊர்தான். என் டிராம் வழியில் இருந்த ஒவ்வொரு தெருவும் அதன் பழைய ஜெர்மன் பெயரோடு வந்தது. 1945-க்குப் பிறகு ஜெர்மானியர்களை வெளியேற்றிவிட்டார்கள். கிழக்கிலிருந்து, முக்கியமாக இன்று உக்ரைனில் இருக்கிற ல்வூஃப் பக்கத்திலிருந்து, வீட்டை இழந்து வந்த போலந்துக்காரர்கள் அந்த வீடுகளில் குடியேறினார்கள். வேறொருவருடைய கட்டிலிலும் அலமாரியிலும் வளர்ந்த இரண்டு தலைமுறை. அவர்களுடைய பேரப் பிள்ளைகளுக்கு ஒரு போலந்து எழுத்தாளர், 'உங்கள் ஊரின் பழைய போலீஸ்காரன் இவன்தான்' என்று ஒரு ஜெர்மானியனை நாயகனாகக் கொடுக்கிறார். எவ்வளவு பெரிய துணிச்சல்! பழைய எதிரியோடு ஒரு நாவல் முழுக்க நடந்து போனால்தான் தன் ஊரைத் தெரிந்துகொள்ள முடியும்.

இந்த இடத்தில் என் அக்டோபர் 11 குறிப்பை நானே தட்டிக் கேட்க வேண்டியிருக்கிறது. மிலீட்சியாவின் பொய்க்குப் பதிலாகத்தான் இந்த அழுக்குக் கை வந்தது என்று சொல்லிவிட்டேன். மோக் மிலீட்சியாவுக்கு முந்தியவன், வேறு நாட்டின் போலீஸ். ஆனாலும் அவனைப் படைத்தவரும் படித்தவர்களும் மிலீட்சியாவுக்கு அடியில் வளர்ந்தவர்கள். அந்த முதல் நாவலில் ஒரு யூத வியாபாரியைக் கொலைகாரன் என்று காட்டி வழக்கை முடிக்கிறார்கள். கெஸ்டபோவின் கையில் அவர் ஒப்புக்கொள்கிறார். மோக்குக்குப் பதவி உயர்வு. பழியை அப்பாவிமேல் திருப்பிய ஓர் அரசை 1984-இல் பார்த்த வாசகர் அந்தப் பக்கத்தை வெறும் 1933 என்றா படித்திருப்பார்?

அக்டோபர் 16

நேற்று எழுதியதைக் காலையில் படித்தேன். மோக்கின்மேல் எனக்கு இருந்த ஆசைதான் தெரிகிறது. ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன், வேண்டுமென்றே விட்டேனோ என்றுகூட இப்போது தோன்றுகிறது.

2003-இல் வந்த 'பிரெஸ்லாவில் உலகத்தின் முடிவு'. 1927-இல் நடக்கிற கதை. ஒவ்வொரு பிணத்தோடும் ஒரு நாட்காட்டித் தாள் கிடக்கிறது. அற்புதமான புதிர். போலந்தில் ஆண்டின் சிறந்த க்ரைம் நாவலுக்குத் தருகிற 'பெரிய காலிபர்' விருதை முதன்முதலில் வாங்கியது இதுதான். அதற்கு இணையாக வீட்டுக் கதை ஓடுகிறது. மோக் குடித்துவிட்டு மனைவி சோஃபியிடம் கொடூரமாக நடந்துகொள்கிறான். அவள் போய்விடுகிறாள். அவளைக் கண்காணிக்க ஆள் வைக்கிறான்.

முதல் வாசிப்பில் அந்தப் பக்கங்களை நான் வேகமாகத் திருப்பினேன், கொலைகாரனைத் தெரிந்துகொள்ள. இரண்டாவது முறை படித்தபோது புத்தகத்தை மூடிவிட்டேன். ஆசிரியர் அவனை மன்னிக்கவில்லை என்பது உண்மை. ஆனாலும் நாவலின் வேகம் அவன் பக்கம் இருக்கிறது. மாவு மில் பெல்ட் மாதிரி நம்மை இழுத்துக்கொண்டு போகிறது, நடுவில் சோஃபிக்காக நிற்க இடம் இல்லை. கேள்வி கேட்ட நண்பருக்கு இந்த இடத்தில் பாதி நியாயம் உண்டு, அதை ஏற்றுக்கொள்கிறேன்.

அக்டோபர் 22

சோஃபிக்காக நிற்க இடம் தேடிக்கொண்டேதான் சிக்மூந்த் மிவோஷெவ்ஸ்கிக்கு வந்தேன்.

போலந்துச் சட்டத்தில் கொலை வழக்கின் விசாரணையை நடத்துவது அரசு வழக்கறிஞர். போலீஸ் அவர் சொன்னதைச் செய்யும். அதனால் மிவோஷெவ்ஸ்கியின் துப்பறிவாளர் தியோடோர் ஷாட்ஸ்கி ஓர் அரசு வழக்கறிஞர். வயது நாற்பதைத் தொடவில்லை, முடி முழுக்க வெள்ளை. கச்சிதமான சூட். துப்பாக்கி கிடையாது, யாரையும் அடிப்பதும் இல்லை. கையில் இருப்பதெல்லாம் கோப்பும் குற்றவியல் சட்டமும்தான். மோக்கின் தலைகீழ் ஆள்.

மூன்றே நாவல்கள். 2007-இல் வந்த 'சிக்கல்' வார்சாவில் நடக்கிறது. ஒவ்வொரு அத்தியாயமும் அன்றைய தேதி, உலகச் செய்தி, உள்ளூர்ச் செய்தி, வானிலை என்று தொடங்கும். கொலை என்பது தனியாக ஒரு மர்ம மாளிகையில் நடப்பதல்ல, பேப்பர் வருகிற சாதாரணச் செவ்வாய்க்கிழமையில் நடப்பது என்ற உணர்வு வந்துவிடும். குழு மனநலச் சிகிச்சைக்கு வந்த ஒருவர் இறந்து கிடக்கிறார், கண்ணில் இறைச்சி சுடும் கம்பி. அந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஷாட்ஸ்கி போனால், கம்யூனிஸ்ட் கால ரகசியப் போலீசில் இருந்தவர்களிடம் போய்ச் சேர்கிறார். அவர்கள் இப்போது நல்ல கோட்டு போட்ட தொழிலதிபர்கள். அவரை யாரும் அடிப்பதில்லை. மகளின் பெயரைச் சொன்னால் போதுமாக இருக்கிறது.

இதைப் படமாக எடுத்தபோது ஷாட்ஸ்கியைப் பெண்ணாக்கி, கதையைக் கிராக்கூவுக்கு மாற்றிவிட்டார்கள். எனக்கு ஒட்டவில்லை.

அக்டோபர் 23

இரண்டாவது நாவலையும் சொல்லிவிடுகிறேன். 'உண்மையின் ஒரு தானிய மணி', 2011. ஷாட்ஸ்கி சாந்தோமியேஷ் என்ற அழகான மலைமேட்டு ஊருக்குப் போய்விடுகிறார். சைக்கிளில் போய்த் துப்பறிகிற பாதிரியார் மத்தேயுஷ் வருகிற தொலைக்காட்சித் தொடர் 2008 முதல் அந்த ஊரில்தான் நடக்கிறது, போலந்து முழுக்கத் தெரியும். வாராவாரம் ஒரு குற்றம், ஒரு மன்னிப்பு, வெயில் விழுகிற சதுக்கம். மிவோஷெவ்ஸ்கி அதே ஊரில், பழைய யூத ஜெபக்கூடத்தின் அருகில், கழுத்தறுபட்ட ஒரு பெண்ணின் உடலைக் கிடத்துகிறார். யூத முறைப்படி விலங்கறுக்கும் சடங்குக் கத்தி. ஊர் உடனே பழைய கதையை முணுமுணுக்கிறது, யூதர்கள் கிறிஸ்தவக் குழந்தைகளைக் கொன்று ரத்தம் எடுப்பார்கள் என்ற அந்தப் பொய்யை.

நான் ஒரு வார இறுதியில் அந்த ஊருக்குப் போனேன். கதீட்ரலில் 18-ஆம் நூற்றாண்டு ஓவியர் கரோல் தெ ப்ரெவோ அதே பொய்யை வரைந்து வைத்திருக்கிறார். பல வருடம் திரைபோட்டு மூடி வைத்திருந்து, 2014-இல் விளக்கப் பலகையோடு திறந்தார்கள். எதிரே நின்றபோது எனக்குக் குமட்டியது. குழந்தைகளின் உடல்கள் அவ்வளவு அக்கறையோடு வரையப்பட்டிருக்கின்றன.

அதே மாகாணத்தின் தலைநகர் கியெல்ட்சே. அங்கே 1946 ஜூலை 4-இல், ஒரு சிறுவனை யூதர்கள் அடைத்து வைத்தார்கள் என்று மிலீட்சியா ஸ்டேஷனில் ஒரு பொய்ப் புகார் வந்தது. மிலீட்சியா தேடப் போனது. போர் முடிந்து உயிர்பிழைத்து வந்திருந்த யூதர்கள் 40-க்கும் மேற்பட்டவர்கள் அன்று கொல்லப்பட்டார்கள். கொன்றவர்களில் சீருடைக்காரர்களும் இருந்தார்கள். முதல் நாள் கட்டடத்தைப் பற்றி எழுதியபோது இதைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். புகார் வாங்குகிற மேசையிலிருந்தே அங்கே வன்முறை புறப்பட்டது.

நவம்பர் 2

பத்து நாள் எழுதவில்லை. மூன்றாவது நாவல் 'கோபம்', 2014. இதைப் பற்றி எழுதத் தயங்கிக்கொண்டிருந்தேன்.

வடக்கே ஓல்ஷ்டின் நகரம், முன்பு கிழக்கு பிரஷ்யாவின் அல்லென்ஷ்டைன். சாலை வேலையில் ஓர் எலும்புக்கூடு கிடைக்கிறது. போர்க்கால ஜெர்மானியனாக இருக்கும் என்று அலட்சியமாக எடுத்துப் போகிறார்கள். சோதித்துப் பார்த்தால், அந்த ஆள் பத்து நாளுக்கு முன்பு உயிரோடு இருந்தவர். இது ஊரே பேசுகிற தொடக்கம். எனக்கு முக்கியம் வேறொரு காட்சி.

ஒரு பெண் ஷாட்ஸ்கியின் அலுவலகத்துக்கு வருகிறாள். கணவன் அடித்தான் என்று சொல்லவில்லை. பயமாக இருக்கிறது என்கிறாள். காயம் இல்லை, சாட்சி இல்லை. ஷாட்ஸ்கி மரியாதையாகப் பேசி, முறைப்படி, அனுப்பிவிடுகிறார். கோப்பில் ஒட்ட ஒன்றுமில்லை. அப்புறம் உறுத்திக்கொண்டே இருந்து, அவள் வீட்டைத் தேடிப் போகும்போது காலம் கடந்துவிட்டிருக்கிறது. தரையில் கிடக்கிறாள்.

துப்பறிகிறவரின் வன்முறை என்று நாம் இத்தனை நாள் பேசியது கையைப் பற்றி. இங்கே காதைப் பற்றிப் பேச வேண்டும். ஷாட்ஸ்கி ஒரு விரலைக்கூடத் தூக்கவில்லை, சட்டப்படிதான் நடந்தார்.

நான் இருந்தது பத்து மாடி அடுக்குக் கட்டடம், பழைய கான்கிரீட் பலகை வீடு. பக்கத்து வீட்டில் ஸ்பூன் விழுந்தால் கேட்கும். இரண்டாவது குளிர்காலத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் சத்தம் தொடங்கியது. முதலில் டிவி ஓங்கும், அப்புறம் ஏதோ மோதுகிற சத்தம், அப்புறம் ஒரு பெண் குரல், கத்துகிற குரல் அல்ல, கெஞ்சுகிற குரல். நான் வெளிநாட்டவள், மொழி போதாது, தவறாகப் புரிந்துகொண்டிருப்பேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ரேடியோவைக் கொஞ்சம் சத்தமாக வைத்தேன். அந்த மாதம் நான் ராத்திரிகளில் மோக் படித்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது முறை கீழ் வீட்டுக் கிழவி, செருப்புக்கூட மாற்றாமல் ஏறி வந்து, கைத்தடியால் அந்தக் கதவைத் தட்டினாள். போலீசுக்குச் சொல்லிவிட்டேன் என்று மாடிப்படி முழுக்கக் கேட்கும்படி சொன்னாள். இரண்டு இளம் போலீஸ்காரர்கள் வந்தார்கள். 1998-இலிருந்து வீட்டு வன்முறைக்கு அங்கே 'நீல அட்டை' என்று ஒரு நடைமுறை உண்டு, அதற்கான படிவத்தை நிரப்பினார்கள். என் கதவையும் தட்டினார்கள். ஏதாவது கேட்டதா என்று கேட்டார்கள்.

"த்ரோஹெ" என்றேன். கொஞ்சம்.

அவர் எழுதிக்கொண்டார்.

நவம்பர் 3

நேற்றைய குறிப்புக்குப் பதில் எழுதியவர்களுக்கு நன்றி. ஆறுதல் சொன்னவர்களுக்கும்தான். ஆனால் மொழி தெரியாததுதான் காரணம் என்று சொல்லாதீர்கள். அந்த வாரம் நான் மிலீட்சியா நாவல் ஒன்றை அகராதி இல்லாமல் படித்து முடித்திருந்தேன்.

நவம்பர் 12

ஓல்கா தோகார்ச்சுக்கின் 'இறந்தவர்களின் எலும்புகள்மேல் உன் கலப்பையை ஓட்டு', 2009. இதையும் சேர்க்க வேண்டுமா என்று ஒருவர் கேட்டார். கட்டாயம். முடிவைத் தெரிந்துகொள்ள விரும்பாதவர்கள் இந்தக் குறிப்பைத் தாண்டிவிடுங்கள்.

செக் எல்லையில் கிவோத்ஸ்கோ பள்ளத்தாக்கு, வ்ரோட்ஸ்வாஃபுக்குத் தெற்கே. யானினா துஷெய்கோ தனியாக வாழ்கிற வயதான பெண், ஜாதகம் கணிக்கிறவள். ஊரில் வேட்டைக்காரர்கள் ஒவ்வொருவராக இறக்கிறார்கள். விலங்குகள் பழிவாங்குகின்றன என்று போலீசுக்குக் கடிதம் எழுதுகிறாள். வேட்டைக்காரர்கள் சட்டத்தை மீறுவதைப் பற்றியும் எழுதுகிறாள். யாரும் பதில் போடுவதில்லை. அவள் பேசும்போது அதிகாரிகளின் முகம் எப்படி மாறும் என்று அவளே சொல்கிற இடங்கள் இருக்கின்றன. கிழவி, பைத்தியம், போகட்டும் என்கிற முகம். துப்பறிகிறவளும் அவள்தான், கொலை செய்தவளும் அவள்தான்.

முதலில் படித்தபோது இந்தத் திருப்பம் எனக்குப் புதிர் விளையாட்டாகத் தெரிந்தது. ஷாட்ஸ்கியின் அலுவலகத்துக்கு வந்த பெண்ணுக்குப் பிறகு படித்தபோது வேறு மாதிரி இருந்தது. பதில் வராத கடிதங்களை இந்த முறை எண்ணிக்கொண்டே போனேன். அவள் செய்தது சரி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நாவலும் என்னைச் சொல்லவைக்க முயலவில்லை. ஆனால் கொலைகளுக்கு முன்னால் எத்தனை கதவுகளை அவள் தட்டினாள் என்று தெரிந்த பிறகு, 'கொலைகாரி' என்று மட்டும் சொல்லி நிறுத்தவும் முடியவில்லை.

நவம்பர் 13

'கோபம்' நாவலின் முதல் காட்சியைச் சொல்லாமல் விட்டேன் என்று ஒருவர் சரியாகச் சுட்டியிருக்கிறார். ஷாட்ஸ்கியின் கைகள் ஒரு கழுத்தில் இருக்கின்றன. யாருடைய கழுத்து, என்ன ஆகிறது என்பதை நாவலே சொல்லட்டும். இரண்டு நாவல் முழுக்கக் கோப்பைத் தவிர எதையும் தொடாத கை அது. மோக்கின் கை பழகிப்போய் எதையும் உணராது. ஷாட்ஸ்கியின் கைக்கு இது முதல் தடவை. கை நடுங்குமா என்று பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

டிசம்பர் 9

கேள்வி கேட்ட நண்பர் 'கோபம்' வாங்கி, அலுவலகக் காட்சி வரைக்கும் படித்துவிட்டு எழுதியிருக்கிறார். ரத்தம் விற்கிற சரக்கு என்ற சொல்லைத் திரும்ப எடுத்துக்கொள்கிறாராம். மோக் விஷயத்தில் எடுத்துக்கொள்ள வேண்டாம், அங்கே நாம் தொடர்ந்து சண்டை போடலாம். வரிசை கேட்டார்: 'சிக்க'லில் தொடங்குங்கள், நான் மூன்றாவதை முதலில் படித்துக் கெடுத்துக்கொண்டேன்.

இன்னொன்றும் கேட்டார், பக்கத்து வீட்டுப் பெண் என்ன ஆனாள் என்று.

எனக்குத் தெரியாது. நீல அட்டைக்குப் பிறகு ஒரு மாதம் சத்தம் இல்லை. மாடிப்படியில் இரண்டு முறை பார்த்தேன், வணக்கம் சொன்னேன், அவளும் சொன்னாள். மார்ச்சில் கீழே தபால் பெட்டியில் வேறு பெயர் ஒட்டியிருந்தது. கிழவியிடம் கேட்டேன். அவளுக்கும் தெரியவில்லை. பெயர்ச் சீட்டை மாற்றியது யார் என்று மட்டும் பார்த்திருந்தாள். அவன் இல்லை, ஒரு வயதான பெண்மணி, கையில் பெரிய பையோடு, அவளுடைய அம்மாவாக இருக்கலாம் என்றாள்.